செவ்வாய்க்கிழமைப் பிழை

பதினேழாம் மாடியில், மேற்குப் பக்கம் மட்டும்
பன்னிரண்டு கண்ணாடிகளை மாற்றினார்கள்.
பரீட்சார்த்தம் என்றது சுற்றறிக்கை.
சூடு ஏறினால் தானாகக் கறுக்குமாம்,
ஆறினால் தெளியுமாம்.
சுவிட்ச் இல்லை, திரைச்சீலை இல்லை.
"எங்கட மெனேஜர் மாதிரி" என்றாள் ஷிரோமி,
"அவர் தெளியத்தான் நாளெடுக்கும்."

கணக்குப் பிரிவில் எனக்கொரு வேலை கூடியது:
மணிக்கொருமுறை மானியைப் பார்த்து
குளிரூட்டி குடித்த அலகுகளை எழுதுவது.

பத்து மணிக்குப் பேரை வாவி பச்சையாகவே இருக்கும்.
பதினொன்றரைக்கு யாரோ
தேயிலைச் சாயத்தை மெல்ல ஊற்றியதுபோல்
கண்ணாடி நடுவிலிருந்து மங்கும்.
ஒரு மணிக்குக் கடல் இல்லை,
துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் இல்லை.
வெயில் வெளியில் நின்று பார்த்துவிட்டுப் போகும்,
விலாசம் மாறி மணியடித்தவர் போல.

சித்திரையில் மட்டும் ஐந்நூற்றுப் பத்து அலகு மிச்சம்.
அதை எழுதும்போது
வெள்ளவத்தையில் என் அறை யன்னலை நினைத்துக்கொண்டேன்.
பழைய கலண்டர் மட்டைகள் நான்கு,
டேப் போட்டு ஒட்டியது.
அதற்கும் சுவிட்ச் இல்லை.

செவ்வாய்தோறும் இரண்டரை மணிக்கு
மேலிருந்து முதலில் ஒரு சோடி சப்பாத்து இறங்கும்.
பிறகு வாளி. பிறகு முழங்கால். பிறகு அவர்.
வாயிற் பதிவேட்டில் பெயர் பார்த்தேன்:
எம். எஃப். நிஸ்தார், கயிறு இரண்டு, வாளி இரண்டு.
அவர் உதடுகள் அசைந்துகொண்டேயிருக்கும்.
பாட்டோ ஏச்சோ,
இரட்டைக் கண்ணாடி எதையும் உள்ளே விடாது.
மூன்றாம் கண்ணாடியில் அவருக்கு எப்போதும் சுணங்கும்.
அதன் மேல்விளிம்பில் புறாக்கள் இருக்கின்றன.

அவர் நகர்ந்த பின்புதான் கண்டேன்.
கறுத்த கண்ணாடியில்
அவர் தொங்கிய இடம் மட்டும் தெளிந்திருந்தது.
தலை, தோள், விரித்த ஒரு கை.
நிழல் விழுந்த இடத்தில் வெளிச்சம்.
அந்த ஆள் வடிவத்துக்குள்
கடல் இருந்தது.
ஒரு கப்பல் அவருடைய நெஞ்சளவில் நின்றது.
கீழே, இடுப்புக்குக் கிட்ட,
கொம்பனித்தெருவின் தகரக் கூரைகள்,
ஒன்றின்மேல் காய்கிற பிள்ளைச் சட்டைகள்.

நான்கு நிமிடம்.
பிறகு கை போனது. தோள் போனது.
கப்பல் கடைசியாகப் போனது.

மாத முடிவில் கண்ணாடிக் கம்பனிப் பொறியியலாளர்
வரைபடம் ஒன்றை அனுப்பினார், சிவப்பு வட்டமிட்டு:
செவ்வாய்களில் மூன்றாம் கண்ணாடி
காரணமின்றி வெப்பத்தை உள்ளே விடுகிறது.
விளக்கம் தேவை.
விளக்கக் கட்டத்தில் எழுதினேன்:
ஆள் நின்றார்.
போதாதென்று திரும்பி வந்தது.
ஈரமும் நிழலும் என்று திருத்தினேன்.
அது அவருக்கு விளங்கியது.

இப்போது காலை ஆறுக்கே கழுவுகிறார்கள்.
நான் வரும்போது பதிவேட்டில்
மை காய்ந்த கையெழுத்து மட்டும்.
கோடு நேராகிவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம்.
எனக்கும்தான், பொய் சொல்லக்கூடாது.
பதின்மூன்று மணிநேர மின்வெட்டு நாட்களில்
ஒரு அலகின் விலையை
இருட்டில் வியர்த்தபடி படித்தவள் நான்.

நேற்றும் செவ்வாய்.
இரண்டரை மணிக்குக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து
தண்ணீர்ப் போத்தலை எடுத்து
அதன் அடியை மூன்றாம் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தேன்.
முதலில் ஒன்றுமில்லை.
ஷிரோமி தட்டச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.
கை வலித்தது.
பிறகு, எடுத்தபோது,
ஒரு ரொட்டியளவு கூட இல்லாத வட்டம்.
அதற்குள் ஒரு கூரை, ஒரு கொடிக்கயிறு,
பகலில் தூங்கி எழுந்த ஒருவர்
சட்டையை உதறிப் போடுகிறார்.
அவராய் இருக்கவேண்டியதில்லை.

மூன்று மணிக்கு அலகை எழுதினேன்.
விளக்கக் கட்டத்தை
வெறுமையாக விட்டேன்.